கறுப்பன் தின்ற எலி எதைத் தின்றது?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். வீட்டில் கறுப்பன் என்று 3 வயது நாட்டு நாய் இருக்கிறது. சம்பா அறுவடை தொடங்கியதிலிருந்து மகனோடு வயலுக்குப் போய் எலி பிடித்துத் தின்கிறது. சில நாள் ஐந்தாறு கூடத் தின்றுவிட்டு, வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லை. “எலி ஒழிந்தால் நல்லதுதானே” என்கிறான் மகன். பக்கத்து வயல்காரர் எலி மருந்து வைத்திருக்கிறாராம். முந்தாநாள் கறுப்பன் ஒரு தடவை வாந்தி எடுத்தது, பிறகு சரியாகிவிட்டது. மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, வளைகாப்பு முடிந்து வந்திருக்கிறாள். பேரனுக்கு 3 வயது, நாயை விட்டுப் பிரிவதே இல்லை. எலி தின்ற நாய்க்கு வெறி பிடிக்கும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். நாயைக் கட்டிப் போட்டுவிடலாமா, ஐயா?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

எலி மருந்து, வாந்தி என்ற இரண்டு சொற்களும் ஒரே கடிதத்தில் இருந்ததால்தான் பதில் எழுதும்வரை காத்திருக்காமல் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். மருத்துவரிடம் காட்டிவிட்டீர்கள், இப்போதைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னீர்கள். நல்லது. ஆனாலும் அடுத்த ஒரு வாரம் கறுப்பனின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஊர்ப் பேச்சை முடித்துவிடுவோம். எலி தின்பதால் நாய்க்கு வெறிநோய் வருவதில்லை. எலிகளில் அந்த நோய் மிக மிக அரிது. வெறிநாய் கடித்தால் எலி பிழைத்துத் திரிந்து நோயைப் பரப்புவதற்குப் பெரும்பாலும் வழியில்லை, செத்துப்போகும். கறுப்பனுக்கு ஊர் முகாமில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள். அதை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். மற்ற நாய்களிடமிருந்து வரக்கூடிய ஆபத்துக்கு அது வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வயலில் நல்ல நெல்லைத் தின்று வளர்ந்த எலியின் இறைச்சி நாய்க்குத் தீங்கு செய்யாது. நாயின் வயிறு அதற்குப் பழகியது. எலும்பும் சிறியது, தோலோடு விழுங்கினாலும் பெரும்பாலும் செரித்துவிடும். கறுப்பன் தின்ற எலி அதற்கு முன் எதைத் தின்றது என்பதுதான் என் முதல் கவலை. எலியின் சிறுநீர் இரண்டாவது. புழுவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பக்கத்து வயல்காரரிடம் இன்றே போய்க் கேளுங்கள்: என்ன மருந்து, எதில் கலந்து, எந்தத் தேதியில், எந்த வரப்பில். சண்டைக்குப் போவதுபோல் கேட்க வேண்டாம். அட்டையையோ உறையையோ காட்டினால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எலி மருந்து என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவருக்கு அது எந்த உதவியும் செய்யாது. ஏனென்றால் நம் பக்கத்து வயல்களில் புழங்கும் மருந்துகள் கொல்லும் விதத்தில் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

கருஞ்சாம்பல் நிறப் பொடியாக வருவது துத்தநாக பாஸ்பைடு. 49 பங்கு பொரியிலோ அரிசியிலோ கருவாட்டிலோ 1 பங்கு கலந்து, ஒட்டிக்கொள்ள எண்ணெய் விட்டுப் பிசைந்து வைப்பார்கள். வயிற்றில் இருக்கும் அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். தின்ற கால் மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, வலிப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். இதற்கு முறிமருந்து கிடையாது. இந்த மருந்தில் செத்த எலியைத் தின்று நாய் சாவது குறைவு. எலியின் சதையில் நஞ்சு தங்குவதில்லை, வயிற்றில் செரிக்காமல் கிடப்பதுதான் ஆபத்து. நாய்கள் சாவது பெரும்பாலும் அந்தக் கருவாட்டை நேராகத் தின்றுதான். எலிக்கு மணக்கிற கருவாடு நாய்க்கு மணக்காதா? எலி பிடிக்கப் போன இடத்தில் கறுப்பன் வேறு எதையும் நக்கியதா என்று மகனிடம் கேட்கும்படி தொலைபேசியில் சொன்னது அதனால்தான்.

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு வெளியே வரும். அழுகிய மீன் நாற்றமோ பூண்டு நாற்றமோ வந்தால் குனிந்து முகராதீர்கள். நாயைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். காரில் எடுத்துப் போனால் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். மகளை அந்தப் பக்கமே வரவிடாதீர்கள். சோறு போட்டால் விஷம் அடங்கும் என்று நினைத்து எதையும் ஊட்டவும் கூடாது. உணவு உள்ளே போனால் அமிலம் கூடும், வாயுவும் கூடும்.

அடுத்தது நீலம், பச்சை, சிவப்பு நிறங்களில் மெழுகுக் கட்டியாகவோ ரொட்டித் துண்டுபோலவோ கடையில் கிடைப்பது. பெரும்பாலும் புரோமாடியோலோன் என்று உறையில் போட்டிருக்கும். இதை நான் அதிகம் அஞ்சுவதற்குக் காரணம், தின்ற அன்று ஒன்றுமே தெரியாது. இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினைக் கல்லீரல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சியை இந்த மருந்து நிறுத்திவிடும். ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் சரக்கு தீரும்வரை நாய் ஓடி ஆடிக்கொண்டிருக்கும். மூன்றிலிருந்து ஐந்து நாளில் உள்ளுக்குள் கசியத் தொடங்கும். முதலில் வெறும் சோர்வு. பிறகு திடீரென ஒரு காலை நொண்டும் (மூட்டுக்குள் இரத்தம்), இருமும் (நெஞ்சுக்குள் இரத்தம்), மலம் தார்போலக் கறுக்கும். வெளியே ஒரு சொட்டு இரத்தம்கூடத் தெரியாமலே நாய் செத்துப்போவதும் உண்டு. உங்களை ஒரு வாரம் கவனிக்கச் சொன்னது இதற்காக.

செத்த எலி வழியாக நாய்க்குப் போவதும் இந்த மருந்துதான். எலியின் கல்லீரலில் இது தங்கும். சுமார் 15 கிலோ நாய் ஒரே ஒரு எலியைத் தின்றதால் சாகாது, அந்தப் பயம் வேண்டாம். கறுப்பனோ சில நாள் ஐந்தாறு கூடத் தின்கிறது. எலியின் கல்லீரலில் தங்கியதுபோலவே நாயின் கல்லீரலிலும் தங்கி, நாள்பட நாள்படச் சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்றும் கவனியுங்கள். நல்ல எலி இரவில் நடமாடும், நாய்க்கு லேசில் சிக்காது. மருந்து தின்ற எலிதான் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வரப்புக்கு மேலே வரும். ஆகவே நாய் முதலில் பிடிப்பது அதைத்தான். “எங்கள் நாய் கெட்டிக்காரன், பகலிலேயே பிடித்துவிடுகிறான்” என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, அக்கம்பக்கத்தில் யாராவது எலி மருந்துக் கட்டி வைத்திருக்கிறார்களா என்பதுதான்.

இதற்கு மருந்து உண்டு, நன்றாகவும் வேலை செய்யும்: வைட்டமின் கே1. மாத்திரையாகக் கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு மூன்று, நாலு வாரம் கொடுக்க வேண்டும். பத்து நாளில் நாய் தேறிவிட்டதே என்று நிறுத்தினால், கல்லீரலில் மிச்சமிருக்கும் நஞ்சு மறுபடி வேலையைக் காட்டும். கடைசி மாத்திரை கொடுத்து இரண்டு நாள் கழித்து இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும். மருந்துக் கடையில் வைட்டமின் கே என்று கேட்டால் சில சமயம் மெனாடையோன் என்ற கே3 ஊசியை எடுத்துக் கொடுப்பார்கள். அது இந்த நஞ்சுக்குப் பயன்படாது. பைட்டோமெனாடையோன் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. காலை வெளிச்சத்தில் கறுப்பனின் மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். கறுப்பு நாய்களுக்கு ஈறும் கறுத்திருக்கும். அப்படியானால் கீழ் இமையைச் சற்று இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அங்கே வெளிறியிருந்தாலோ, பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தாலோ அன்றே கிளம்ப வேண்டும். கூடவே கண்ணின் வெள்ளையையும் காதின் உட்புறத் தோலையும் பாருங்கள், மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று. குண்டு பல்பு வெளிச்சத்தில் இதைப் பார்க்காதீர்கள், எல்லா நாயும் மஞ்சளாகத்தான் தெரியும்.

வளைக்குள் போட்டு மண்ணால் அடைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் நம் பக்கம் புழங்குகிறது. அடைத்த வளையைக் கறுப்பன் பறித்தால், எலியைத் தின்ன வேண்டிய அவசியமே இல்லை. மூக்கை நுழைத்து முகர்ந்தாலே போதும். சிலர் குருணை மருந்தையோ வேறு பூச்சிமருந்தையோ சோற்றில் கலந்து வைக்கிறார்கள். இது சட்டப்படியும் தவறு, புத்திசாலித்தனமும் இல்லை. அதைத் தின்ற நாய்க்கு எச்சில் ஒழுகும், உடல் வெடவெடக்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு, ஆனால் கடிகாரத்தோடு போட்டி. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். பழைய குழாய் எதுவும் பரணில் கிடக்கிறதா என்று உங்கள் வீட்டிலும் ஒரு முறை பாருங்கள். நாய் மட்டுமல்ல, பேரனும் இருக்கிற வீடு அது.

எந்த விஷமானாலும் உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் என்று வாயில் ஊற்றாதீர்கள். உப்பு மிகுந்தால் அதுவே நாயைக் கொல்லும்; வலிப்பில் இருக்கும் நாய்க்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கலாமா கூடாதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இரவில் எங்கே போவது, யாரை அழைப்பது என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இனி எலிக்காய்ச்சல். இதில் எலியைத் தின்கிறதா இல்லையா என்பது பெரிய வேறுபாடு இல்லை. லெப்டோஸ்பைரா என்ற திருகுச் சுருள் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை; ஆயுள் முழுக்கச் சிறுநீரில் கிருமியை விட்டுக்கொண்டே திரியும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், காய்ந்தால் செத்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் குடித்தாலும், வளையைப் பறித்து மூக்கில் கீறல் பட்டாலும், எலி மூக்கைக் கடித்துவிட்டாலும் நாய்க்கு வரும். உங்கள் மகனுக்கும் அப்படியே. வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர், வளை வெட்டி நெல் எடுப்பவர், கிட்டி என்ற எலிப்பொறியில் மாட்டிய எலியை வெறுங்கையால் எடுப்பவர் எல்லாரும் கறுப்பனுக்குச் சமமான ஆபத்தில்தான் இருக்கிறார்கள். இதை நாயின் நோய் என்று எண்ண வேண்டாம். நாய்க்கும் மனிதனுக்கும் எலி பொதுவாகக் கொடுப்பது.

கிருமி புகுந்து பெரும்பாலும் ஒரு வாரத்தில், சில சமயம் மூன்று வாரம் வரை கழித்து, காய்ச்சல், சாப்பாடு வேண்டாமை, வாந்தி என்று தொடங்கும். நாய் எழுந்திருக்கவே முனகும், தசையெல்லாம் வலிக்கும். தண்ணீரை மொண்டு மொண்டு குடித்து நிறையச் சிறுநீர் போகும், பிறகு சிறுநீரே நின்றுபோகும். கண் மஞ்சளாவது எல்லா நாய்க்கும் வராது. மஞ்சள் வரட்டும் என்று காத்திருந்து சிறுநீரகத்தைக் கோட்டை விட்டவர்கள் நிறைய. தொடக்கத்திலேயே வந்தால் பென்சிலின், டாக்சிசைக்ளின், நரம்பு வழியே ஏற்றும் திரவம் ஆகியவற்றால் காப்பாற்றிவிடலாம். நாய் தேறிய பின்னும் சிறுநீரில் கிருமி போய்க்கொண்டிருக்கலாம் என்பதால் டாக்சிசைக்ளினை இரண்டு வாரம் முழுமையாகக் கொடுக்கச் சொல்வோம்.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதும் இங்கேதான். கறுப்பன் திண்ணையில் சிறுநீர் கழித்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றிக் கழுவுங்கள். அந்த வேலை மகளுக்கு வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வழக்கமான காய்ச்சல் மாத்திரையோடு இரண்டு நாள் தள்ளாமல் மருத்துவரிடம் போய், வயல் வேலை, எலி, நாய் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் டெங்கு என்றும் மலேரியா என்றும் தேடிக்கொண்டு நாள் போய்விடுகிறது. கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து.

மகளைப் பற்றி நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் யாராவது கட்டாயம் சொல்லப்போகிற விஷயம் ஒன்று: டாக்சோபிளாஸ்மா. எலி தின்னும் பிராணியால் கர்ப்பம் கலையும் என்று பயமுறுத்துவார்கள். அந்த ஒட்டுண்ணி முட்டையிடுவது பூனையின் குடலில்தான். நாய் எலியைத் தின்றாலும் மலத்தில் அதைப் பெருக்கி வெளியேற்றாது. பூனை மலம் கிடக்கும் மண்ணைத் தொடாமலிருப்பதும், கறியை நன்றாக வேகவைப்பதும், கீரையைப் பலமுறை அலசுவதும் மகளுக்குப் போதும். கறுப்பனை இதற்காக வீட்டைவிட்டு விரட்ட வேண்டாம்.

புழுக்களில் பேரனுக்காக நான் கவலைப்படுவது நாய் உருண்டைப்புழு. அதன் இளம்புழு எலியின் சதைக்குள் உறங்கிக் கிடக்கும். நாய் எலியைத் தின்றதும் குடலில் விழித்து வளரும். பிறகு நாயின் மலத்தில் முட்டைகள். அவை பிள்ளையின் வாய்க்குள் போனால் குடலோடு நிற்காமல் இளம்புழுக்கள் ஈரலுக்கும், அரிதாகக் கண்ணுக்கும் ஊர்ந்துவிடும். இதிலே நமக்குச் சாதகமான ஒன்று உண்டு: புது மலத்திலுள்ள முட்டை நோய் தராது, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்தால்தான் தரும். கறுப்பனின் மலத்தை அன்றன்றே எடுத்துப் புதைத்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது. மீதிப் பாதி, பேரன் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. நாய் விளையாடும் இடத்தில் அவன் மண் அள்ளித் தின்னாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கே கேடு செய்கிற இன்னொரு புழு ஸ்பைரோசெர்கா. சாணி வண்டிலிருந்து எலி, பல்லி, கோழி வழியாக நாய்க்கு வந்து, உணவுக்குழாயில் கட்டி கட்டியாக உட்காரும். தின்றதைச் செரிக்காமல் அப்படியே திருப்பிக் கக்குகிற நாய், நாளுக்கு நாள் மெலிந்தால் இதை நினைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அந்தக் கட்டி புற்றாக மாறவும் கூடும். கறுப்பன் மறுபடி வாந்தி எடுத்தால், வெளியே வந்தது செரித்த கூழா, விழுங்கிய உருவிலேயே இருக்கும் சோறா என்று பார்த்துச் சொல்லுங்கள். குடற்புழு மருந்தை எப்போதோ கொடுத்ததாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். எலி வேட்டைக்குப் போகும் நாய்க்கு அது போதாது. அறுவடைக் காலத்தில் மாதம் ஒரு முறை, மற்ற நேரத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எடை பார்த்து அளவு கேட்டுக் கொடுங்கள். நாடாப்புழுவையும் சேர்த்துக் கொல்லும் பிராசிகுவாண்டல் கலந்த மாத்திரையாக இருக்கட்டும்.

எலியைத் தேடி வளைக்கு வருவது நாய் மட்டும் இல்லை, நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். கறுப்பன் வளைக்குள் தலைவிட்டு, கத்திக்கொண்டு பின்வாங்கி, முகம் வீங்கினால் எலிக்கடி என்று இருந்துவிடாதீர்கள். பாம்புக்கடிக்கான முறிமருந்து நாய்க்கும் வேலை செய்யும், நேரத்தோடு போனால்.

கட்டிப் போடலாமா என்று கேட்டீர்கள். எப்போதும் கட்டிப் போட்டால் ஒரு நாட்டு நாய் குரைத்தே ஊரைக் கூட்டிவிடும். அதற்கு அவசியமும் இல்லை. பக்கத்து வயலில் மருந்து வைத்த நாளிலிருந்து, கடைசியாக வைத்த நாளுக்குப் பின் இரண்டு வாரம் வரை, கயிறு இல்லாமல் வயலுக்கு விடாதீர்கள். செத்த எலிகளையும் மீந்த மருந்துச் சோற்றையும் பொறுக்கி ஆழப் புதைக்கும்படி வயல்காரரிடம் கேளுங்கள். அறுவடை இயந்திரம் ஓடும் நாளிலும் வீட்டிலேயே இருக்கட்டும். இயந்திரம் சுற்றிச் சுற்றி வர, எலியெல்லாம் நடுவில் எஞ்சிய கதிருக்குள் ஒதுங்கும். கடைசிச் சுற்றில் அவை சிதறி ஓடும்போது சக்கரத்துக்கு முன் பாய்கிற நாயை ஓட்டுநரால் பார்க்க முடியாது. மற்ற நாளில் வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்புங்கள். பிடிப்பதை நிறுத்தாது, ஆனால் தின்பது குறையும். பிடித்ததை வாயிலிருந்து பிடுங்கினால் அவசரமாக விழுங்கிவிடும். மகன் கையில் கருவாடோ முட்டையோ வைத்துக்கொண்டு “விடு” என்று பழக்கட்டும். எலியைக் கீழே போட்டால் அது கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளக் கறுப்பனுக்குச் சில வாரம் பிடிக்கும்.

உங்கள் வயலில் நீங்கள் மருந்து வைக்காமலிருக்க முடியுமானால் இன்னும் நல்லது. தஞ்சாவூர்க் கிட்டி வைப்பவர்கள் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். நட்ட பின் வயலில் ஆந்தை உட்கார டி வடிவக் கழிகளை ஊன்றலாம். வரப்பை அகலமாக விடாமல் ஒடுக்கி வெட்டினால் எலி வளை போட இடம் குறையும்.

கடைசியாகத் தடுப்பூசி. கறுப்பனுக்கு வெறிநோய் ஊசி தவிர வேறொன்றும் போட்டதில்லை என்றீர்கள். எலிக்காய்ச்சலுக்கான பாகம் கூட்டுத் தடுப்பூசியில் வரும். எல்லாக் கூட்டு ஊசியிலும் அது இருப்பதில்லை. குப்பியின் மேல் பெயருக்குப் பின்னால் ஆங்கில ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இது எல்லா வகை லெப்டோஸ்பைராவையும் தடுக்காது, ஆனாலும் போடாமலிருப்பதற்கு அது காரணமாகாது. இந்த வாரக் கவனிப்பு முடிந்து நாய் நலமாக இருந்தால் முதல் ஊசி, மூன்று நாலு வாரத்தில் இரண்டாவது. அதன் காப்பு ஏறத்தாழ ஓர் ஆண்டுதான் நிற்கும். இப்போது தை, மாசியில் போட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் பாதிக்கு மேல் கழிந்திருக்கும். அதனால் மறு ஊசியை அடுத்த தை வரை தள்ளாமல், இந்த ஆவணியிலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் போட்டுவிடுங்கள். பிறகு ஆண்டுதோறும் ஆவணி என்றே வைத்துக்கொள்ளலாம்.